பிளாண்டைத் திறக்கும் முன்: வெல்டிங் மெஷினுக்குக் கரண்ட் வரும் வழியைப் பார்ப்பது எப்படி

இலங்கை மலைநாட்டில் ஒட்டு வேலை, அதாவது வெல்டிங், செய்கிறவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வேலை ஒரு மூலையில் இருக்கும், கரண்ட் எடுக்கும் இடம் இன்னொரு மூலையில் இருக்கும். நடுவில் படிக்கட்டு, கான், ரெண்டு லயம், ஒரு கொழுந்து மடுவம். அத்தனையையும் தாண்டி எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்துக்கொண்டு போய் ரொட்டை (வெல்டிங் கம்பியை) வைத்தால் ஒட்டிக்கொள்ளும், இல்லை என்றால் பிரேக்கர் விழும், இல்லை என்றால் மெஷின் சத்தமே இல்லாமல் கிடக்கும். உடனே "பிளாண்ட் போச்சு" (வெல்டிங் மெஷினைத்தான் பிளாண்ட் என்போம்) என்று முடிவுகட்டி, டிக்கோயாவில் இருக்கும் என் கடைக்குத் தூக்கிவந்துவிடுவார்கள்.

வந்த மெஷினை நான் மேசையில் வைத்து மூடியைக் கழற்றுவது கடைசி வேலை. முதலில் பிளக்கை மோந்து பார்ப்பேன். சிரிக்க வேண்டாம், கருகிய பிளக்கின் நாற்றம் ஒருமுறை மூக்கில் ஏறினால் மறக்காது. இப்போது வரும் இன்வர்ட்டர் பிளாண்ட், அதாவது பழைய பாரமான டிரான்ஸ்போமருக்குப் பதில் எலக்ட்ரோனிக் போர்ட் வைத்த மெஷின், லேசில் சாவதில்லை. மீட்டர் பெட்டியிலிருந்து ரொட் முனை வரைக்கும் கரண்ட் நடந்து வரும் வழியில்தான் அனேகமான கோளாறு கிடக்கிறது. அந்த வழியை நீங்களே எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கீழே சில இடங்களில் கரண்ட் இருக்கும்போதே அளக்கச் சொல்கிறேன். ஈரக் கையோடு, செருப்பில்லாமல், மழையில் நின்றுகொண்டு அதைச் செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை எந்த அளவில் வைப்பது என்று சந்தேகம் இருந்தால் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு போர்ட்டுக்குள் (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டிக்குள்) கை வைப்பது எலக்ட்ரீஷியன் வேலை. மற்றபடி வயர், பிளக் எதைத் தொடுவதாக இருந்தாலும் சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

முதலில் கணக்கு

பக்கவாட்டில் பெரிய எழுத்தில் 200 என்றும் 250 என்றும் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது ரொட் பக்கம் வெளியே வரும் அம்பியர், அதுவும் பாதி மெஷின்களில் வாய்ப்பேச்சு. நமக்கு வேண்டியது உள்ளே இழுக்கும் அம்பியர். பின்பக்கத் தகட்டில் அது சின்ன எழுத்தில் இருக்கும். தகடு அழிந்திருந்தால் இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண ஒற்றைப் பேஸ் இன்வர்ட்டரில் 2.5 மி.மீ. ரொட்டை 80 அம்பியரில் எரித்தால் 230 வோல்ட் லைனிலிருந்து 13, 14 அம்பியர் இழுக்கும். 3.2 மி.மீ. ரொட்டை 120 அம்பியரில் எரித்தால் 21, 22 அம்பியர் வரைக்கும் போகும்.

இதை வீட்டு லைனோடு பொருத்திப் பாருங்கள். மின்சார சபை கொடுக்கும் ஒற்றைப் பேஸ் இணைப்பு 15 அம்பியராகவோ 30 அம்பியராகவோ இருக்கும். சதுரக் கால் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ் 13 அம்பியர். பழைய உருண்டைக் கால் பெரிய பிளக் 15 அம்பியர். ஆக, 15 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் 2.5 ரொட் மட்டுமட்டாக ஓடும். அங்கே 3.2 ரொட்டைப் போட்டுவிட்டு பிரேக்கர் விழுகிறது என்று பிளாண்டைத் திட்டுவதில் நியாயமில்லை. 3.2 தான் வேண்டும் என்றால் 30 அம்பியர் இணைப்பு வேண்டும். போர்ட்டிலிருந்து தனி பிரேக்கர், தனி வயர் போட்டு, முனையில் நீல நிற 32 அம்பியர் இண்டஸ்ட்ரியல் சொக்கட் வைக்க வேண்டும். 13 அம்பியர் பிளக்கில் பியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றியதையும் ஆணித் துண்டு வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்தால் பியூஸ் எரியாது, சுவரில் இருக்கும் சொக்கட் எரியும்.

மெஷின் அசையவே இல்லை என்றால்

லைட் இல்லை, ஃபேன் இல்லை. டெஸ்டரை சொக்கட்டில் குத்திப் பார்த்து "கரண்ட் இருக்கு" என்று சொல்வதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. டெஸ்டர் பல்ப் எரிய லைவ் மட்டும் இருந்தால் போதும். நியூட்ரல் அறுந்துபோயிருந்தாலும் அழகாக எரியும். ஒரு டேபிள் லாம்பையோ அயனையோ அதே சொக்கட்டில் போட்டுப் பாருங்கள். அது வேலை செய்தால் சொக்கட் வரைக்கும் பிழையில்லை.

அடுத்து எக்ஸ்டென்ஷன் வயரை விட்டுவிட்டு மெஷினை நேரே சுவர் சொக்கட்டில் போடுங்கள். ஓடினால் குற்றவாளி எக்ஸ்டென்ஷன். ஓடாவிட்டால் பிளக்கைத் திறந்து பியூஸை எடுத்து மல்டிமீட்டரில் ஓம் பார்க்கவும். கண்ணால் பார்த்து பியூஸைத் தீர்மானிக்க முடியாது, அது பீங்கான் குழாய்.

பியூஸும் நல்லது என்றால் இனி வயர். மெஷின் வயர் அனேகமாக ரெண்டே இடத்தில்தான் அறும்: பிளக்குக்குள் நுழையும் இடம், மெஷினின் பின்பக்கம் நுழையும் இடம். மெஷினை வயரில் பிடித்துத் தூக்குவது நம் ஆட்களுக்கு வழக்கம். மேல்தோல் நன்றாகவே இருக்கும், உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து கடைசியில் நாலைந்து இழைகள் மட்டும் மிஞ்சும். மல்டிமீட்டர் அந்த நாலு இழையையும் "நல்ல வயர்" என்றுதான் காட்டும். அதனால் பிளக்கைப் பிடுங்கி, மெஷினின் பின் சுவிட்சை ஆன் செய்து, பிளக்கின் லைவ் காலிலும் நியூட்ரல் காலிலும் மல்டிமீட்டர் முனைகளைக் கவ்வவைத்து, ஓமில் போட்டு, ஒருவர் எண்ணைப் பார்க்க இன்னொருவர் வயரை அந்த ரெண்டு இடத்திலும் இப்படியும் அப்படியும் வளைக்க வேண்டும். டிரான்ஸ்போமர் பிளாண்டில் சின்ன எண் ஒன்று காட்டும், வளைக்கும்போது அது துள்ளினால் உள்ளே அறுந்திருக்கிறது. இன்வர்ட்டரில் இந்த வழி சரிவராது, உள்ளே கரண்டைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர் இருப்பதால் எண் தானாகவே ஏறி இறங்கும். அதற்கு வயரின் மறுமுனையைக் கழற்றி, ஒவ்வொரு கம்பியையும் தனித்தனியாக முனைக்கு முனை பார்க்க வேண்டும். மூடியைத் திறக்க வேண்டியிருப்பதால், கெப்பாசிட்டர் பற்றிக் கீழே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள்.

பச்சை வயரை மறந்துவிட வேண்டாம். பிளக்கின் எர்த் காலுக்கும் மெஷின் உடம்பில் பெயின்ட் இல்லாத ஒரு ஸ்குரூவுக்கும் நடுவில் ஓம் பாருங்கள். 1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும், நல்ல வயரில் மல்டிமீட்டர் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டும். எர்த் இல்லாமலும் மெஷின் நன்றாகவே ஓடும், அதுதான் அபாயம். உள்ளே ஒரு லீக் வந்த அன்றைக்கு மெஷினின் உடம்பே லைவ் ஆகிவிடும். பழைய ரெண்டு கால் சொக்கட்டில் போடுவதற்காக எர்த் காலையே வெட்டிவிட்ட மெஷினை யார் கொண்டுவந்தாலும் அதைச் சரிசெய்யாமல் நான் திருப்பிக் கொடுப்பதில்லை. காசு கொடுக்க மறுத்தாலும் செய்துதான் கொடுப்பேன்.

பிளக்கைத் திறந்தால் என்ன பார்ப்பது

மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த பிளாண்டைச் சொல்கிறேன். ரொட் பற்றுகிறது, ரெண்டு அங்குலம் ஓடுகிறது, அணைந்துவிடுகிறது, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பற்றுகிறது. "மெஷினுக்குள்ள இருக்கிற போர்ட்தான் அண்ணே, வேற யாரோ பார்த்துச் சொன்னாங்க" என்றான். பிளக்கின் லைவ் கால், அடிப்பக்கத்தில் தேயிலைச் சாயம் மாதிரி பழுப்பேறிக் கிடந்தது. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் உருகி, ஸ்குரூ சாய்ந்து நின்றது. வயர் முனையை ஈயம் வைத்து அழகாகப் பற்றவைத்திருந்தார்கள், வேலை சுத்தமாக இருக்கட்டும் என்று. அதுதான் வினையாகிவிட்டது. ஈயம் மிருதுவான உலோகம், ஸ்குரூவின் அழுத்தத்தில் நாளடைவில் நசுங்கி விட்டுக்கொடுத்துவிடும். பிடி தளரும், தளர்ந்த இடம் சுடும், சூட்டில் இன்னும் தளரும். புது பிளக் ஒன்று, அரை மணி நேர வேலை, அதே மெஷின் அன்றைக்கே 2.5 ரொட்டை வரிசையாக எரித்தது.

புது பிளக் போடும்போது கருகின இடத்தோடு ஒட்டினாற்போல் வெட்டாதீர்கள். செம்பு கறுத்திருக்கும் வரைக்கும் பின்னால் போய், பளபளப்பான செம்பு வந்த இடத்தில் வெட்டுங்கள். இழைகளை முறுக்கி, ஈயம் வைக்காமல், கிரிம்ப் ஸ்லீவ் என்ற சின்ன உலோகக் குழாயைப் போட்டு நசுக்கி ஸ்குரூவில் இறுக்குங்கள். ஸ்லீவ் இல்லை என்றால் இழைகளை ரெட்டையாக மடித்து நுழைத்தாலும் பரவாயில்லை. பழுப்பு லைவுக்கு, நீலம் நியூட்ரலுக்கு, பச்சை மஞ்சள் எர்த்துக்கு. பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை. எர்த் வயரை மற்ற ரெண்டையும் விடக் கொஞ்சம் நீளமாக விடுங்கள், யாராவது இழுத்துப் பிடுங்கினாலும் எர்த் கடைசியாகத்தான் கழலும். பிளக்குக்குள் இருக்கும் கிளிப் வயரின் மேல்தோலைப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் நிற வயர்களைப் பிடித்தால் அது பிடியே இல்லை.

புது பிளக்கைக் கருகின சொக்கட்டில் செருகினால் வாரம் தாண்டாமல் அதுவும் கருகும். ரெண்டையும் ஒன்றாக மாற்றுங்கள்.

லைட் எரிகிறது, ஆனால் ரொட் ஒட்டிக்கொள்கிறது

மலைப்பக்கத்தில் வரும் முறைப்பாடுகளில் பெரும்பாலானது இதுதான், இதற்குப் பெரும்பாலான காரணம் வோல்ட்டேஜ் இறங்குவது. இலங்கையில் லைன் 230 வோல்ட், கூடக் குறைய 6 வீதம், அதாவது 216க்கும் 244க்கும் நடுவில் இருக்க வேண்டும். பல இன்வர்ட்டர்களின் தகட்டில் 15 வீதம் வரைக்கும் தாங்கும் என்று போட்டிருக்கும், அப்படியென்றால் 195 வோல்ட். டிரான்ஸ்போமரிலிருந்து தூரத்தில், லைனின் கடைசிக் கம்பத்தில் இருக்கும் வீட்டுக்கு 216 வருவதே பெரிய காரியம். எல்லா வீட்டிலும் சமைக்கிற மாலை ஆறரைக்குப் பிறகு இன்னும் இறங்கும்.

அதற்கு மேல் நம் எக்ஸ்டென்ஷன் வயர் தின்பதைப் பாருங்கள். 50 மீற்றர் செம்பு வயரில் 22 அம்பியர் ஓடும்போது, 1.5 சதுர மி.மீ. வயரில் ஏறக்குறைய 32 வோல்ட் போய்விடும். 2.5 வயரில் 20 வோல்ட், 4 வயரில் 12, 6 வயரில் 8. மீட்டர் பெட்டியில் 216 இருந்து 1.5 வயரை இழுத்துக்கொண்டு போனால் மெஷினுக்குக் கிடைப்பது 184. இன்வர்ட்டர் ஒரு வகையில் பிடிவாதக்காரன், வோல்ட்டேஜ் குறைந்தால் அதே வேலையைச் செய்ய இன்னும் கூடுதல் அம்பியர் இழுக்கும். அம்பியர் கூடினால் வயரில் இன்னும் வோல்ட்டேஜ் இறங்கும். கடைசியில் மஞ்சள் லைட் போட்டு நின்றுவிடும். பழைய டிரான்ஸ்போமர் பிளாண்ட் இப்படி நிற்காது, உயிரில்லாத ஆர்க்கை (ரொட் முனையில் எரியும் சுடரை) கொடுத்துக்கொண்டே இருக்கும்.

சொக்கட்டில் சும்மா வோல்ட்டேஜ் பார்த்தால் இது தெரியாது. பாரம் இல்லாதபோது அறுந்து தொங்கும் இணைப்பில்கூட மல்டிமீட்டர் 230 காட்டும். பாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு எல்லார் வீட்டிலும் ஒரு கருவி இருக்கிறது: கேத்தல். 2,000 வோட் மின் கேத்தல் எட்டரை அம்பியர் அளவுக்கு இழுக்கும். வெல்டிங் செய்யப்போகும் இடத்துக்கே எக்ஸ்டென்ஷனை இழுத்து, முனையில் ஒரு மல்டி பிளக் போட்டு, ஒரு துவாரத்தில் கேத்தல், இன்னொன்றில் மல்டிமீட்டர். கேத்தல் அணைந்திருக்கும்போது ஒரு எண், கொதிக்கும்போது ஒரு எண், ரெண்டையும் எழுதுங்கள். 226 இருந்தது 217 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டரை அம்பியருக்கு 9 வோல்ட் இறக்கம். 22 அம்பியர் இழுத்தால் அதைப்போல ரெண்டரை மடங்குக்கு மேல், 23 வோல்ட் இறங்கும். மெஷினுக்கு மிஞ்சுவது 203. ஓடும், ஆனால் மாலையில் ஓடாது.

இறக்கம் எங்கே என்று பிடிக்க, கேத்தலைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போங்கள். எக்ஸ்டென்ஷன் இல்லாமல் சுவர் சொக்கட்டில் ஒருமுறை, போர்ட்டுக்குப் பக்கத்துச் சொக்கட்டில் ஒருமுறை. எந்த இடத்துக்கு வரும்போது இறக்கம் சட்டென்று சின்னதாகிறதோ, அதற்கு முந்திய துண்டில்தான் கோளாறு. போர்ட் பக்கத்திலேயே இறக்கம் பெரிதாக இருந்தால் அது சேவை வயரிலோ கம்பத்திலோ இருக்கிறது, மின்சார சபையின் 1987க்கு அழைத்துச் சொல்ல வேண்டும். இன்னொரு அடையாளமும் உண்டு. நீங்கள் ரொட் வைக்கும்போது உங்கள் வீட்டு பல்ப் மங்குகிறது, பக்கத்து வீட்டில் பளிச்சென்று கூடுகிறது என்றால் லைனில் நியூட்ரல் தளர்ந்திருக்கிறது. உடனே வேலையை நிறுத்துங்கள். நியூட்ரல் முழுக்க விட்டுப்போனால் அந்தப் பக்கத்து டிவி, ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து போகும்.

குடித்து முடித்த தேத்தண்ணியோடு இந்தச் சோதனையும் முடிந்துவிடும் என்பதால் நான் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

எக்ஸ்டென்ஷன் வாங்கும்போது

கடையில் 7/0.67 என்று காயிலில் போட்டிருந்தால் அது 2.5 வயர். 7/0.85 என்றால் 4. ஆனால் இவை சுவருக்குள் போகும் விறைப்பான வயர், தரையில் இழுத்துச் சுருட்டுவதற்கு ஆகாது. எக்ஸ்டென்ஷனுக்கு மெல்லிய இழைகள் கொண்ட, ரப்பர் மேல்தோல் போட்ட மூன்று கம்பி வயர் கேளுங்கள். குறைந்தது 2.5, தூரம் 30 மீற்றரைத் தாண்டினால் 4. வாங்கும் முன் இழையைக் கத்தி முனையால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசியது. விலை குறைவாக இருப்பதன் காரணம் அதுதான். ஸ்குரூவில் நிற்காது, மடக்கினால் அறும், அதே தடிப்பில் செம்பை விட அதிகம் சுடும்.

உருளையில் சுற்றிய எக்ஸ்டென்ஷனை முழுக்க அவிழ்த்துவிட்டுத்தான் பாவிக்க வேண்டும். பாதியைச் சுற்றியபடியே விட்டு 15 அம்பியர் எடுத்தால் உள்சுற்றுகளின் சூடு வெளியேற வழியில்லாமல் தோல் ஒன்றோடொன்று உருகி ஒட்டும். தேயிலைக்குள் இழுக்கும்போது கவ்வாத்து வெட்டிய செடிகளைக் கவனியுங்கள், அந்த வெட்டு முனைகள் கத்தி மாதிரி கிழிக்கும். லொறி ஏறின இடத்தை அன்றைக்கே தடவிப் பாருங்கள், தட்டையாகிவிட்டிருந்தால் அந்த இடத்தை வெட்டி எறியுங்கள். டேப் சுற்றிய மூட்டு காய்ந்த நாளில் ஓடும். வட்டவளை மழையில் அது மூட்டு இல்லை, தண்ணீர்க் குழாய்.

பிரேக்கரும் ட்ரிப் சுவிட்சும்

ரெண்டும் விழும் காரணம் வேறு. எது விழுந்தது என்று பார்க்காமல் "ட்ரிப் ஆகுது" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது.

பிரேக்கர், ஆன் செய்த கணத்திலேயே விழுகிறதா? இன்வர்ட்டருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் நிரம்பும் அந்த முதல் இழுப்புத்தான் காரணமாக இருக்கலாம். பி வகை பிரேக்கர் அதைத் தாங்காது, சி வகை தாங்கும். மாற்றுவதென்றால் வகையை மட்டும் மாற்றுங்கள், அம்பியரைக் கூட்ட வேண்டாம். சுவருக்குள் போகும் வயர் அதே வயர்தானே. சி வகையிலும் ஒவ்வொரு முறையும் விழுந்தால் உள்ளே ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபையர் ஷோர்ட். அது கடைக்கு வர வேண்டிய மெஷின். பிரேக்கர் நாலைந்து ரொட் ஓடிய பிறகு விழுந்தால் அது பாரம் கூடியதால். அம்பியரைக் குறையுங்கள், அல்லது மேலே சொன்ன கணக்குக்குத் திரும்பிப் போங்கள்.

ட்ரிப் சுவிட்ச் விழுந்தால் எங்கோ எர்த்துக்குக் கசிகிறது. வீட்டில் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியரில் விழும். மனிதனைக் காப்பாற்றத்தான் அவ்வளவு சின்ன அளவு. இதைப் படிப்படியாகப் பிரியுங்கள். எக்ஸ்டென்ஷனை மட்டும் செருகுங்கள், முனையில் ஒன்றும் இல்லாமல். விழுந்தால் எக்ஸ்டென்ஷனில் ஈரம் அல்லது கிழிவு. விழாவிட்டால் மெஷினைச் செருகி அதன் பின் சுவிட்சை அணைத்தே வையுங்கள். விழுந்தால் மெஷின் வயர், அல்லது அது உள்ளே நுழையும் இடத்தில் விளிம்பு வெட்டியிருக்கிறது. அப்போதும் விழாமல், சுவிட்சைப் போட்டதும் விழுந்தால் மெஷினுக்குள். உள்ளே என்றாலும் பயப்பட வேண்டாம், நம் பக்கத்தில் பாதி வேளை அது வெறும் ஈரம்தான்.

தகரக் கொட்டிலில் இரவெல்லாம் குளிரில் கிடந்த மெஷினுக்குள் காலைப் பனி இறங்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்த மெஷின் இன்னும் மோசம். சலிக்கும் அறையில் பறக்கும் தேயிலைப் பஞ்சை ஃபேன் உள்ளே இழுத்து போர்ட் முழுக்கப் படியவைத்துவிடும். அந்தப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். (அந்த அறையில் ஒட்டு வேலை செய்வதே தீ விபத்துக்கு அழைப்பு. கூட்டி, மூடி, பக்கத்தில் தண்ணீர் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.) மெஷினைக் காய்ந்த அறையில் ஒரு பகல் வையுங்கள், கொம்பிரசர் இருந்தால் தண்ணீர் வடித்த காற்றால் குறைந்த அழுத்தத்தில் மெஷினின் காற்று ஜன்னல்கள் வழியாக ஊதுங்கள். அடுப்புக்கு மேலே பரணில் வைக்க வேண்டாம், விறகுப் புகையின் பசை பஞ்சை விட மோசமானது. காய்ந்த பிறகு விழாவிட்டால் விஷயம் முடிந்தது.

ட்ரிப் சுவிட்சை விலக்கி நேரே கம்பி கொடுத்துத் தரும் "கெட்டிக்காரர்கள்" எல்லா டவுனிலும் இருக்கிறார்கள். அப்படிச் செய்த லைனில் நான் ரொட் பிடிக்க மாட்டேன்.

ரொட் பக்கத்து வயர்

வோல்ட்டேஜ் சரி, பிளக் சரி, இன்னும் ஆர்க்கில் உயிரில்லை என்றால் முன்பக்கம் வாருங்கள். ஒரு ரொட் முழுக்க எரித்துவிட்டு மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ரொட்டைப் பிடிக்கும் ஹோல்டர், வேலை இரும்பைக் கவ்வும் எர்த் கிளாம்ப், மெஷினில் செருகும் ரெண்டு முனை எல்லாவற்றையும் கையால் தொட்டுப் பாருங்கள். எது மற்றதை விடச் சுடுகிறதோ அங்கேதான் பிடி தளர்ந்திருக்கிறது. மெஷினில் செருகும் முனையைச் செருகிவிட்டு வலப்பக்கம் திருகிப் பூட்ட வேண்டும், பலர் செருகுவதோடு விட்டுவிடுகிறார்கள். கிளாம்பைப் பெயின்ட் மேலும் துரு மேலும் கவ்வ வேண்டாம், கிரைண்டரால் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்குத் தேய்த்துவிட்டுக் கவ்வுங்கள்.

மல்டிமீட்டர் உள்ளவர்கள் இன்னும் நிச்சயமாகப் பார்க்கலாம். டிசி வோல்ட்டில் ஒரு முனையை மெஷினின் ஹோல்டர் டெர்மினலிலும் மற்றதை ஹோல்டரின் செம்புத் தாடையிலும் வைத்து, ஒருவர் 100 அம்பியரில் எரிக்கும்போது எண்ணைப் பாருங்கள். 25 சதுர மி.மீ. வயரில் 10 மீற்றருக்கு முக்கால் வோல்ட் அளவு, 16 வயரில் ஒன்றுக்குச் சற்று மேல். 2 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு மூட்டு கெட்டிருக்கிறது.

கிளாம்பை வேலை செய்யும் இரும்பிலேயே, ஒட்டும் இடத்துக்குக் கிட்டவே கவ்வ வேண்டும். தொழிற்சாலைக் கூரைச் சட்டத்தின் ஒரு தலையில் கிளாம்பைப் போட்டுவிட்டு மறுதலையில் ஒட்டினால், நடுவில் ஒரு போல்ட் துருப்பிடித்திருந்தால் போதும், 100 அம்பியரும் வேறு வழி தேடும். அது கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் மெஷின்களின் எர்த் வயர். பச்சை வயர் மட்டும் நீளத்துக்கு உருகியிருக்கிற எக்ஸ்டென்ஷனைப் பார்த்தால் இதுதான் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மழையில் நனைந்த கையுறையோடு ரொட் மாற்றுவது பற்றியும் சொல்ல வேண்டும். ரொட் எரியாதபோது ஹோல்டரில் 60, 70 வோல்ட் நிற்கும். காய்ந்த கைக்கு அது ஒன்றும் செய்யாது, வியர்த்து நனைந்து இரும்பின் மேல் உட்கார்ந்திருப்பவனுக்குச் செய்யும்.

ஜெனரேட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு

2.5 ரொட்டுக்கு மெஷின் இழுப்பது 3 கேவிஏவைத் தாண்டும், ஆகவே 5 கேவிஏ ஜெனரேட்டர் வேண்டும். அதுவும் கீழ்நாட்டுக் கணக்கு. உயரம் கூடும்போது காற்று மெலிவதால் பெட்ரோல் எஞ்சின் 300 மீற்றருக்கு 3 வீதத்துக்கு மேல் பலம் இழக்கும். 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். கொழும்பில் ஓடிய அதே ஜோடி இங்கே திணறுவதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். எஞ்சின் சூடாகி ஒரே சீராக ஓடும் வரைக்கும் பிளாண்டைச் செருகாதீர்கள், வெல்டிங் நடக்கும்போது அதே ஜெனரேட்டரில் கிரைண்டரையும் ஓட்டாதீர்கள்.

மூடியைத் திறக்க வேண்டி வந்தால்

இன்வர்ட்டருக்குள் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். பத்து நிமிடம் விட்டு, டிசி வோல்ட்டில் அளந்து, பூச்சியத்துக்குக் கிட்ட வந்த பிறகுதான் விரல் போக வேண்டும். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் செய்து வெடிக்கவைக்கும் வீரம் வேண்டாம். வயர் முனை, சுவிட்ச், கரப்பான் முட்டை, இவ்வளவைத்தான் நீங்கள் பார்க்கலாம். கரண்ட் வயர் நுழையும் பக்கத்தில் பட்டாணி வடை போன்ற ஒரு தட்டையான வில்லை வெடித்துக் கிடந்தால் இடி இறங்கியிருக்கிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைப்பது இடிக்குக் கணக்கில்லை.

அதற்கும் மேலே என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். எந்த ரொட், எத்தனை மீற்றர் வயர், காலையா மாலையா, விழுந்தது பிரேக்கரா ட்ரிப்பா, கேத்தல் போட்டபோது வந்த ரெண்டு எண், இவற்றை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தால் பாதி நாள் மிச்சம். எக்ஸ்டென்ஷன், ஹோல்டர், கிளாம்ப் எல்லாவற்றையும் சேர்த்தே கொண்டுவாருங்கள். கருகின பிளக்கை வெட்டி வீசிவிட்டு மெஷினை மட்டும் தூக்கிவர வேண்டாம், நான் முதலில் கேட்பது அதைத்தான்.